பாதி உயரம், கால் பங்கு தண்ணீர்: ஒற்றை எண்கள் சொல்லும் கணக்கு

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி 100 கோடி கன அடி). சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களும் அநேகமாகத் தெரிந்திருக்கும். ஆடி பிறந்துவிட்டால் வீட்டில் பெரியவர் யாராவது தினமும் காலையில் நாளிதழில் நீர்மட்டம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு நாள் நீர்மட்டம் 60 அடி என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் சரிபாதி. அப்படியானால் அணையில் பாதித் தண்ணீர், அதாவது 47 டிஎம்சி போல இருக்குமா?

இருக்காது. 25 டிஎம்சியை ஒட்டித்தான் இருக்கும். முழுக் கொள்ளளவில் கால் பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

பள்ளத்தாக்கு கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருப்பதால் இப்படி என்று உடனே சொல்லிவிடலாம். சரியான பதில்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ இல்லாமல் ஏன் கால் பங்கை ஒட்டி நிற்கிறது? இதற்குப் பதில் தேடிப் போகும் வழியில் ஒரு கோலம், ஒரு கொத்தனாரின் நூல், ஏற்காட்டு அருவி ஒன்று என்று பலவும் வரும். "கணக்குப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இந்த வழி முழுக்க இருக்கிறது. கணிதத்தில் அழகாக இருப்பது எதுவோ அதுவேதான் பயன்படவும் செய்கிறது. அழகை ரசிக்கத் தனியாக ஒரு கணிதமும், வேலைக்கு உதவத் தனியாக இன்னொரு கணிதமும் கிடையாது.

கோலத்தில் இருக்கும் கூட்டல்

மார்கழியில் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ எந்தத் தெருவுக்குள் போனாலும் பார்க்கக்கூடிய கோலம்தான். நேர்ப்புள்ளி, 7-இல் தொடங்கி 1 வரை. நடுவில் 7 புள்ளி ஒரு வரிசை. அதற்கு மேலே 5, 3, 1. கீழேயும் 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி?

மேலிருந்து நடு வரிசை வரை எண்ணினால் 1 + 3 + 5 + 7 = 16. நடு வரிசைக்குக் கீழே 5 + 3 + 1 = 9. ஆக 25.

இந்த மூன்று எண்களையும் பாருங்கள். 16 என்பது 4-இன் வர்க்கம். 9 என்பது 3-இன் வர்க்கம். 25 என்பது 5-இன் வர்க்கம். முக்கோணமாக அடுக்கிய புள்ளிகளில் சதுர எண்கள் எங்கிருந்து வந்தன?

1-இல் தொடங்கி ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்.

1 = 1
1 + 3 = 4
1 + 3 + 5 = 9
1 + 3 + 5 + 7 = 16
1 + 3 + 5 + 7 + 9 = 25

எங்கே நிறுத்தினாலும் வர்க்க எண். 10ஆம் வகுப்புப் புத்தகத்தில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் இது ஒரு சூத்திரமாக இருக்கிறது: முதல் n ஒற்றை எண்களின் கூடுதல் n². பெரும்பாலான மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து, ஒரு மதிப்பெண் வினாவுக்கு எழுதிவிட்டு, மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏனென்றால் இதன் காரணத்தைப் பார்க்கக் கோலமாவும் கொஞ்சம் தரையும் போதும்.

ஒரு புள்ளி வையுங்கள். அதை 2-க்கு 2 சதுரமாக்க வேண்டும். வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று என மூன்று புள்ளி சேர்க்க வேண்டும். 2-க்கு 2-ஐ 3-க்கு 3 ஆக்க வலப்பக்கம் 2, கீழே 2, மூலைக்கு 1, ஆக ஐந்து. அடுத்ததற்கு 3 + 3 + 1, ஏழு. சதுரம் எவ்வளவு பெரிதானாலும் இரண்டு பக்கத்துக்கும் சம எண்ணிக்கை, மூலைக்கு ஒன்று. இரண்டு சம எண்ணிக்கையோடு ஒன்று சேர்ந்தால் அது ஒற்றை எண்ணாகத்தானே இருக்க முடியும்? ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கம் ஒன்று கூடுவதால், சேர்க்கும் புள்ளி இரண்டிரண்டாகக் கூடுகிறது. 3, 5, 7, 9, 11... ஒரு ஒற்றை எண்கூட விட்டுப்போகாது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஆயிரமாவது ஒற்றை எண் வரை கூட்டினால் 10 லட்சம்தான் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. யாரும் கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கவும் வேண்டாம். நான்கைந்து எடுத்துக்காட்டுகள் ஒத்துப்போவது ஒரு சந்தோஷம். ஒருபோதும் தவற முடியாது என்று தெரிந்துகொள்வது அதைவிட ஆழமான சந்தோஷம். கணிதத்தின் அழகு என்று பெரியவர்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

கோலத்துக்குத் திரும்புவோம். தலையைச் சற்றுச் சாய்த்து, மூலைவிட்டமாக அதே புள்ளிகளைப் பாருங்கள். 4-க்கு 4 என்று ஒரு சாய்ந்த சதுரம் தெரியும். அதன் இடைவெளிகளில் 3-க்கு 3 என்று இன்னொரு சதுரம் உட்கார்ந்திருக்கும். 16-ம் 9-ம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. கோலம் போடும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ வர்க்கச் சூத்திரம் தேவைப்பட்டதில்லை. ஆனால் புள்ளி பிசகினால் கோலம் சேராது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கொத்தனாரின் நூல்

16-ஐ அடுத்து நாம் சேர்த்த ஒற்றை எண் 9. அந்த 9-ம் ஒரு வர்க்கம். அதனால்தான் 4² + 3² = 5² என்று மூன்று வர்க்கங்கள் ஒரே வரியில் அமைந்தன.

வீடு கட்டும் இடத்தில் கடக்கால் எடுப்பதற்கு முன் கொத்தனார் நூல் பிடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து குறி வைப்பார். இரண்டு குறிகளுக்கும் குறுக்கே ஐந்தடி சரியாக வந்தால் மூலைமட்டம் சரி. வராவிட்டால் நூலை நகர்த்துவார். பெரிய கட்டடமென்றால் ஆறு, எட்டு, பத்து. மூலை பிசகினால் சுவர் பிசகும், தளத்துக்கு டைல்ஸ் போடும்போது ஓரத்தில் கோணலாக வெட்ட வேண்டியிருக்கும். அவர் கையிலிருக்கும் நூலுக்கும் நம் கோலத்துக்கும் நடுவே பிதாகரஸ் தேற்றம் இருக்கிறது. வர்க்கங்களின் கூட்டலைச் செங்கோணத்தோடு இணைப்பது அந்தத் தேற்றம். அதற்குத் தனியாக நிரூபணம் உண்டு. ஆனால் மூன்று முழு எண்கள் இப்படிப் பொருந்தி வருமா, வந்தால் எங்கே வரும் என்பதற்கு நம் ஒற்றை எண் வரிசையே போதும்.

வரிசையில் மறுபடி ஒரு வர்க்கம் எப்போது வரும்? 25-இல். அது 13-ஆவது ஒற்றை எண். அதற்கு முன்னால் உள்ள 12 ஒற்றை எண்களின் கூடுதல் 144. ஆகவே 144 + 25 = 169. அதாவது 5, 12, 13. அடுத்து 49, அது 25-ஆவது. 24² + 49 = 25², ஆகவே 7, 24, 25. ஒற்றை எண்ணின் வர்க்கம் எப்போதும் ஒற்றை எண்தான் என்பதால் இந்த வரிசை முடியவே முடியாது. வேள்விக் குண்டங்கள் அமைக்கும் அளவுகளைச் சொல்லும் பழைய சுல்ப சூத்திரங்களிலும் 3-4-5, 5-12-13 இரண்டும் இருக்கின்றன. செங்கோணம் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் மனிதர்கள் இந்த எண்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

கிளியூர் அருவியில் விழும் துளி

ஏற்காட்டில் கிளியூர் அருவி சுமார் 300 அடி, அதாவது 91 மீட்டர் போல. மேலிருந்து விழும் ஒரு துளி கீழே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ விநாடிக்கு 10 மீட்டர் வீதம் கூடுகிறது (துல்லியமாகச் சொன்னால் 9.8). முதல் விநாடியின் தொடக்கத்தில் வேகம் 0, முடிவில் 10. சராசரி 5. ஆக அந்த விநாடியில் 5 மீட்டர் இறங்கும். இரண்டாவது விநாடியில் வேகம் 10-இலிருந்து 20 ஆகிறது. சராசரி 15. மூன்றாவதில் 25, நான்காவதில் 35.

5, 15, 25, 35. ஐந்தை வெளியே எடுத்துவிட்டால் 1, 3, 5, 7.

அதே ஒற்றை எண்கள். ஆகவே மொத்தத் தொலைவும் வர்க்கமாகத்தான் கூடியாக வேண்டும்: 1 விநாடியில் 5 மீட்டர், 2 விநாடியில் 20, 3 விநாடியில் 45, 4 விநாடியில் 80. மீதி 11 மீட்டருக்குக் கால் விநாடி போல. ஆக நாலேகால் விநாடி. உண்மையான அருவியில் தண்ணீர் பாறையில் மோதிச் சிதறும், காற்று தடுக்கும், அதனால் நேரம் கூடும். தடையில்லாமல் விழும் துளிக்குத்தான் இந்தக் கணக்கு.

17ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த கலிலியோ இந்த ஒற்றை எண் விகிதத்தைக் கண்டு சொன்னார். நேராக விழுவதை அளக்க அன்றைக்கு அவ்வளவு நுட்பமான கடிகாரம் இல்லை. அதனால் சாய்வான பலகையில் பள்ளம் வெட்டி, அதில் உருண்டையை மெதுவாக உருள விட்டார். பாத்திரத்திலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டு நேரத்தை அளந்தார். அப்படி அளந்தும் சம நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வந்தன. கோலப் புள்ளியை எண்ணும்போது வந்த வரிசையை இயற்கையும் கைக்கொள்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

பயன் என்ன என்று கேட்டால், ஒரு கிணறு போதும். கல்லைக் கைவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை செல்போனில் நேரம் பாருங்கள். 2 விநாடி என்றால் 5 × 4, அதாவது 20 மீட்டர், சுமார் 65 அடியில் தண்ணீர். சத்தம் மேலே வரும் நேரம் மிகச் சிறியது, இங்கே விட்டுவிடலாம். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். நேரத்தைப் பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், 2-க்குப் பதில் 2.2 என்று எடுத்துக்கொண்டால், ஆழம் 24 மீட்டருக்கு மேல் வந்துவிடும். பத்தில் ஒரு பங்கு தவறு, விடையில் ஐந்தில் ஒரு பங்குத் தவறாகப் பெருகுகிறது. சூத்திரத்தை மட்டும் தெரிந்தவர் விடையை எழுதிவிட்டுப் போவார். வர்க்கமாக வளர்கிறது என்று உணர்ந்தவர், மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுத்த பிறகுதான் அந்த விடையை நம்புவார்.

இனி அணை

மேட்டூர் அணையின் 120 அடியைப் பத்துப் பத்து அடியாகப் பன்னிரண்டு அடுக்குகளாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். நீர் ஏற ஏற அது பரந்து நிற்கும் பரப்பு சீராகக் கூடுகிறது என்று ஒரு அனுமானம் செய்வோம். 10 அடியில் பரப்பு 1 என்றால் 20 அடியில் 2, 30 அடியில் 3.

முதல் அடுக்கில் பரப்பு 0-இலிருந்து 1 வரை வளர்கிறது. சராசரி அரை. இரண்டாம் அடுக்கில் 1-இலிருந்து 2 வரை. சராசரி ஒன்றரை. அடுத்தது இரண்டரை. அரை, ஒன்றரை, இரண்டரை. இரண்டால் பெருக்குங்கள்: 1, 3, 5. துளியின் வேகத்துக்குச் செய்த அதே சராசரிதான் இதுவும். வேகத்தின் இடத்தில் பரப்பு வந்திருக்கிறது, நேரத்தின் இடத்தில் உயரம் வந்திருக்கிறது.

ஆக அடியிலிருந்து முதல் அடுக்கில் 1 பங்கு தண்ணீர், அடுத்ததில் 3, அதற்கடுத்து 5. பன்னிரண்டாவது அடுக்கில் 23 பங்கு. மொத்தம் 12-இன் வர்க்கம், 144 பங்கு. 93.47-ஐ 144-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 0.649 டிஎம்சி.

இப்போது சோதிப்போம். 100 அடி என்றால் பத்து அடுக்கு, 100 பங்கு, 64.9 டிஎம்சி. நீர்மட்டம் 100 அடி இருக்கும் நாளில் நாளிதழில் வரும் நீர் இருப்பு ஏறத்தாழ 65 டிஎம்சி. 90 அடி என்றால் 81 பங்கு, 52.6. நாளிதழில் வருவதும் ஏறத்தாழ 52½. 60 அடிக்கு 36 பங்கு. 144-இல் அது சரியாகக் கால் பங்கு, 23.4 டிஎம்சி. உண்மையில் இருப்பது 25-ஐ ஒட்டி.

கோலப் புள்ளியிலிருந்து புறப்பட்ட கணக்கு, காவிரி நிறைத்து வைத்திருக்கும் தண்ணீரை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லிவிடுகிறது. கீழே போகப் போகக் கொஞ்சம் விலகுவதும் பாடம்தான். பள்ளத்தாக்கின் அடிப்பகுதி நாம் அனுமானித்ததைவிடச் சற்று அகலம் என்பதை அந்த விலகல் சொல்கிறது. அணைப் பொறியாளர்கள் நிலத்தை அளந்து தயாரித்த அட்டவணையைத்தான் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த அட்டவணையில் எண்கள் ஏன் அப்படி ஏறுகின்றன என்பதற்குக் காரணம் நம் கையில் இருக்கிறது.

குறுவைக்காக அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதன் பிறகு, நீர்வரத்தைவிட விநாடிக்கு 10,000 கன அடி கூடுதலாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக ஒரு நாளில் 86.4 கோடி கன அடி குறையும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஆகவே இழப்பு 0.864 டிஎம்சி. நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்?

இந்த முறை அடுக்குகளை ஒவ்வொரு அடியாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120², அதாவது 14,400 சின்னப் பங்குகள். 100-ஆவது அடியில் 100-ஆவது ஒற்றை எண், 199 பங்கு. அது ஏறத்தாழ 1.29 டிஎம்சி. ஆகவே 0.864 டிஎம்சி போனால் மட்டம் சுமார் 8 அங்குலம் இறங்கும். அதே வெளியேற்றம், நீர்மட்டம் 50 அடியாக இருக்கும்போது? 50-ஆவது ஒற்றை எண் 99. அந்த அடியில் இருப்பது 0.64 டிஎம்சி மட்டுமே. ஒரே நாளில் சுமார் 16 அங்குலம் இறங்கிவிடும். அணை வற்ற வற்ற வற்றும் வேகமும் கூடுகிறது என்று ஆற்றுப்பாசன விவசாயிகள் கண்ணால் பார்த்திருப்பார்கள். எவ்வளவு வேகம் என்பதையும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லக் கணக்கு வேண்டும். டெல்டாவில் ஒருவர் நாற்று விடலாமா, காத்திருக்கலாமா என்ற முடிவு அதில் இருக்கிறது.

கோலம், துளி, அணை மூன்றிலும் நடந்தது ஒன்றே. சீராக வளரும் ஒன்றை, வளர வளரச் சேர்த்துக்கொண்டே போனால் மொத்தம் வர்க்கமாக வளரும். 11, 12ஆம் வகுப்பில் தொகை நுண்கணிதம் என்ற பெயரில் இது வரும்போது பலர் பயந்துபோகிறார்கள். அதன் முதல் படியை இந்தக் கட்டுரையில் நீங்கள் ஏறியாகிவிட்டது.

மாணவர்களிடம் கணிதத்தின் பயனை மட்டும் சொல்லி ஆர்வமூட்டப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வங்கி வட்டிக்கும் சதவீதத்துக்கும் மேல் போனால் "இது எங்கே பயன்படும்?" என்ற கேள்விக்கு உடனடிப் பதில் பெரும்பாலும் இருக்காது. ஒற்றை எண்களைக் கூட்டிப் பார்த்த யாரும் மேட்டூர் அணையை நினைத்து அதைச் செய்யவில்லை. கூட்டினால் ஏன் இப்படி வருகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற ஆசையில் செய்தார்கள். அந்த ஏன் தெரிந்ததால்தான் புள்ளியைத் துளியாகவும், துளியை அணையாகவும் மாற்றிப் போட முடிந்தது. சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டால் அழகும் போகும், பயனும் போகும். ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்கிறேன்: தேர்வுக்கு முந்தைய வாரம் வேண்டாம், மற்ற நாட்களில் பிள்ளை "ஏன்?" என்று நிற்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அது கணிதம் செய்துகொண்டிருக்கிறது.

நீங்களே செய்து பார்க்க ஒன்று தருகிறேன். ஒற்றை எண்களை இப்போது வேறு விதமாகக் குழு சேருங்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று, நான்கு.

1 = 1
3 + 5 = 8
7 + 9 + 11 = 27
13 + 15 + 17 + 19 = 64

இவை 1, 2, 3, 4 ஆகியவற்றின் கனங்கள். ஏன் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு குழுவின் சராசரியையும் எழுதிப் பாருங்கள். அது கிடைத்ததும் இன்னொரு படி இருக்கிறது: 1³ + 2³ + 3³ + 4³ என்பது (1 + 2 + 3 + 4)²-க்குச் சமம். 499-இல் எழுதப்பட்ட ஆர்யபடீயத்திலேயே இந்த விதி உண்டு. உங்கள் 10ஆம் வகுப்புப் புத்தகத்திலும் உண்டு. மேலே உள்ள நான்கு வரிகளில் மொத்தம் எத்தனை ஒற்றை எண்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு 5-இன் கனத்துக்கான ஐந்து எண்களை எழுதுங்கள். நடுவில் 25 வர வேண்டும்.